மழலையர் பள்ளியைத் தேர்ந்தெடுக்குமுன்
குழந்தைநல மருத்துவப் பிரிவிலிருந்து பெற்றோருக்குச் சில விளக்கங்கள்

ஏப்ரல், மே மாதங்களிலும் விஜயதசமியை ஒட்டிய நாள்களிலும் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் பெற்றோர், தடுப்பூசியையும் சளியையும் பற்றிப் பேசி முடித்த பின்னர் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கின்றனர்: "டாக்டர், குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம்?"

குறிப்பிட்ட ஒரு பள்ளியைப் பரிந்துரைப்பது மருத்துவரின் பணியன்று. ஆயினும், இரண்டரை வயதுக் குழந்தை நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரம் செலவிடப்போகும் இடம் அதன் உடல்நலத்தையும் மனவளர்ச்சியையும் நேரடியாகப் பாதிக்கும். ஆகவே, பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும், எவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதை மருத்துவ நோக்கில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்த வயதில் சேர்ப்பது?

தமிழ்நாட்டில் எல்.கே.ஜி. வகுப்பில் சேர்வதற்குக் குழந்தைக்கு 3 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய ப்ரீ-கே.ஜி.யோ ப்ளே ஸ்கூலோ கட்டாயமன்று. வீட்டில் பேசுவதற்கும் விளையாடுவதற்கும் ஆள் இருந்து, தெருவிலோ அடுக்ககத்திலோ பிற குழந்தைகளோடு பழக வாய்ப்பும் இருந்தால், 3 வயதுக்கு முன் பள்ளிக்கு அனுப்பாததால் குழந்தை எதையும் இழந்துவிடாது. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் நிலைமை வேறு. அங்கே முதலில் தேவைப்படுவது நல்ல பராமரிப்பு. பாடம் அதற்குப் பின்னரே.

மனித மூளை 5 வயதிற்குள் வயதுவந்தோரின் மூளை அளவில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. இவ்வுண்மையைப் பல விளம்பரங்கள் பெற்றோரை அச்சுறுத்தப் பயன்படுத்துகின்றன. 'மூளை விரைவாக வளர்கிறது' என்பதற்கு 'விரைவாகப் பாடத்தைத் திணியுங்கள்' என்பது பொருளன்று. குழந்தை ஒலி எழுப்ப, பெரியவர் மறுமொழி தருகிறார். குழந்தை ஒன்றைச் சுட்டிக்காட்ட, பெரியவர் அதன் பெயரைச் சொல்கிறார். குழந்தை விழுந்து அழ, பெரியவர் அணைத்துத் தேற்றுகிறார். இத்தகைய கொடுக்கல் வாங்கல் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை நிகழும்போதுதான் மொழி, கவனம், தன்னடக்கம் ஆகியவற்றுக்கான நரம்பிணைப்புகள் உறுதிப்படுகின்றன.

ஆய்வுகள் காட்டும் உண்மை

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி நகரில், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளைக் கொண்டு பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வு தொடங்கப்பட்டது. அவர்களுள் 58 பேருக்கு மட்டும் மழலையர் கல்வி அளிக்கப்பட்டது. நாள்தோறும் ஏறக்குறைய இரண்டரை மணி நேர வகுப்பு, ஐந்தாறு குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், வாரந்தோறும் ஆசிரியர் வீட்டுக்கே சென்று தாயையும் குழந்தையையும் சந்தித்தல் என்பன அதன் அமைப்பு. அக்குழந்தைகள் 40 வயதை எட்டும்வரை ஆய்வாளர்கள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். தொடக்கத்தில் உயர்ந்த நுண்ணறிவு ஈவு சில ஆண்டுகளில் மற்றவர்களோடு சமமாகிவிட்டது. ஆனால் பள்ளிப்படிப்பை முடித்தல், வேலையில் நிலைத்தல், குற்றங்களில் சிக்காதிருத்தல் ஆகியவற்றில் அவர்கள் மற்றவர்களைவிட மேலான நிலையில் இருந்தனர்.

அதே நாட்டின் டென்னசி மாநிலத்தில், ஏறத்தாழ 3,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வின் முடிவு 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. அரசின் மழலையர் வகுப்புகளில் பயின்ற குழந்தைகள் அவ்வாண்டின் இறுதியில் எழுத்தறிவில் முந்தியிருந்தனர். ஆறாம் வகுப்பை அடைந்தபோதோ, அவ்வகுப்புகளுக்குச் செல்லாத குழந்தைகளைவிடத் தேர்வு மதிப்பெண்களில் பின்தங்கியிருந்தனர்.

இவ்விரு ஆய்வுகளும் வேறொரு நாட்டில், வறுமையில் வாடிய குடும்பங்களிடையே நடந்தவை. அவற்றை நம் நிலைமைக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் அவற்றிலிருந்து ஒன்றை அறியலாம். மழலையர் பள்ளி என்ற பெயராலோ, முந்திப் படிப்பதாலோ மட்டும் நன்மை விளைந்துவிடாது. அங்கே குழந்தையோடு இருக்கும் பெரியவர் எத்தகையவர், அவர் பொறுப்பில் எத்தனை குழந்தைகள் உள்ளனர் என்பவையே முதன்மையானவை.

பெயர்ப்பலகையும் நேர்காணலும்

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். எனவே அப்பெயர் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. ஆனால் இன்று 'மாண்டிசோரி' என்று பெயர்ப்பலகை வைத்திருக்கும் எல்லாப் பள்ளிகளிலும் அம்முறை பின்பற்றப்படுகிறது என்று கொள்ள இயலாது. ஆசிரியர்கள் எங்கே, எவ்வளவு காலம் பயிற்சி பெற்றனர் என்றும், குழந்தைகள் தாமே கருவிகளை எடுத்துப் பயன்படுத்த எவ்வளவு நேரம் அளிக்கப்படுகிறது என்றும் கேளுங்கள். 'சர்வதேச', 'ஸ்மார்ட்' போன்ற அடைமொழிகளுக்கும் இது பொருந்தும்.

சேர்க்கைக்காக 3 வயதுக் குழந்தையிடம் நேர்காணல் நடத்தும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அறிமுகமற்ற ஒருவர் கேட்டவுடன் நிறங்களின் பெயரைச் சொல்லாமல் தாயின் பின்னால் ஒளிந்துகொள்ளும் குழந்தை இயல்பான குழந்தையே. அது சொல்லவில்லை என்பதற்காக அதனைக் கடிந்துகொள்ள வேண்டா.

ஒரு மணி நேரம் அமர்ந்து பாருங்கள்

பள்ளியின் சிறப்புகளை அலுவலக அறையில் கேட்டறிவதைவிட, வகுப்பு நடக்கும் வேளையில் ஒரு மணி நேரம் ஓரமாக அமர்ந்து பார்ப்பது பயன் தரும். முன்னறிவிப்புடன் வந்தாலும் அதற்கு இசையாத பள்ளி, எதற்காக இசையவில்லை என்பதை விளக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

ஒரு குழந்தை அழத் தொடங்கினால் என்ன நிகழ்கிறது? யாரேனும் அருகே வந்து, குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, முகம் பார்த்துப் பேசுகிறாரா? அன்றி, தொலைவிலிருந்தே "அழக்கூடாது" என்று குரல் மட்டும் வருகிறதா? எந்தப் பள்ளியிலும் குழந்தைகள் அழுவார்கள். அந்த அழுகைக்குக் கிடைக்கும் மறுமொழியே பள்ளியின் தரத்தைக் காட்டும்.

ஆசிரியர் குழந்தைகளைப் பெயர் சொல்லி அழைக்கிறாரா? குழந்தைகள் தமக்குள் பேசிக்கொள்கிறார்களா, அல்லது வாயில் விரல் வைத்து அமர்ந்திருக்கிறார்களா? முப்பது மழலைகள் இருக்கும் அறை முற்றிலும் அமைதியாக இருந்தால் அதைக் கட்டுப்பாடு என்று போற்ற வேண்டா, அச்சமாகவும் இருக்கலாம். குழந்தைகள் ஓடியாட இடம் உண்டா, அந்த இடம் உண்மையில் பயன்படுகிறதா? உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 3 மணி நேரமேனும் உடலை அசைத்து இயங்க வேண்டும். திரை பார்க்கும் நேரம் 1 மணிக்கு மிகக் கூடாது. வீட்டில் அந்த ஒரு மணி நேரம் ஏற்கெனவே கழிந்துவிடுவதால், பள்ளியிலும் தொலைக்காட்சிப் பெட்டி ஓடிக்கொண்டிருப்பது தேவையற்றது.

எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை பேர் என்பதை எண்ணிப் பாருங்கள். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கு வகுத்த நெறிமுறைகள், 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் இருக்க வேண்டும் என்கின்றன. அந்தப் பராமரிப்பாளரை நாம் 'ஆயாம்மா' என்று அழைக்கிறோம். குழந்தையைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்பவரும், ஊட்டிவிடுபவரும், வாந்தி எடுத்தால் துடைப்பவரும் அவரே. அவரிடமும் இரண்டு நிமிடம் பேசுங்கள். எத்தனை ஆண்டுகளாக அங்கே பணிபுரிகிறார் என்று கேளுங்கள். ஊழியர்கள் அடிக்கடி மாறும் இடத்தில் குழந்தைக்கு யாரோடும் பிணைப்பு உருவாவதில்லை.

எழுதும் விரல்களுக்கு முன் விளையாடும் கைகள்

"பக்கத்து வீட்டுக் குழந்தை ஏ முதல் இசட் வரை எழுதுகிறது, என் குழந்தை பென்சிலையே பிடிப்பதில்லை" என்ற கவலையைப் பலரிடம் கேட்கிறோம். குழந்தை பொதுவாக 3 வயதில் வட்டத்தையும், 4 வயதில் கூட்டல் குறியையும், ஏறக்குறைய 5 வயதில் முக்கோணத்தையும் பார்த்து வரையும் திறனைப் பெறுகிறது. சாய்ந்த கோடுகள் கொண்ட எழுத்துகளையும், 'அ', 'இ' போன்ற வளைவுகள் மிகுந்த எழுத்துகளையும் 3 வயதில் கோரும் பள்ளி, விரல்களால் இயலாத ஒன்றைக் கேட்கிறது. மணிக்கட்டிலுள்ள 8 சிற்றெலும்புகளில் ஏறக்குறைய மூன்று மட்டுமே அந்த வயதில் எக்ஸ்-ரே படத்தில் புலப்படும். எஞ்சியவை இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும்.

களிமண் பிசைதல், மணலில் விரலால் கோடிழுத்தல், காகிதத்தைக் கிழித்து ஒட்டுதல், குவளையிலிருந்து குவளைக்குத் தண்ணீர் ஊற்றுதல், ஏணியில் ஏறித் தொங்குதல் ஆகியவை கைகளையும் தோள்களையும் எழுதுவதற்கு ஆயத்தப்படுத்தும். இவற்றைச் செய்யும் பள்ளியில் முதல் சில மாதங்களில் குறிப்பேடு வெறுமையாக இருக்கலாம். அதைக் கண்டு பணம் வீணாயிற்று என்று கருத வேண்டா.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் குழந்தையின் மூளை குழம்புவதில்லை. ஆனால் தாய்மொழியில் "தண்ணி வேணும்", "வயிறு வலிக்குது" என்று சொல்லத் தடை விதிக்கும் பள்ளியில், தன் தேவையையும் நோயையும் சொல்ல வழியின்றிக் குழந்தை தவிக்கும். இது மொழிக்கொள்கை குறித்த வாதமன்று. குழந்தையின் உடல்நலம் குறித்தது.

கழிப்பறையைப் பார்க்காமல் கட்டணம் செலுத்தாதீர்கள்

பள்ளியில் சேர்ந்த சில மாதங்களில் மலச்சிக்கலோடும் சிறுநீர்ப்பாதைத் தொற்றோடும் எங்களிடம் வரும் குழந்தைகள் பலர். காரணம் பெரும்பாலும் எளியதே: பள்ளிக் கழிப்பறை இருட்டாகவோ, ஈரமாகவோ, துர்நாற்றத்தோடோ இருப்பதால் குழந்தை அடக்கிக்கொள்கிறது, அல்லது குறித்த நேரத்தில் மட்டுமே செல்ல அனுமதிக்கப்படுகிறது, அல்லது அடிக்கடி செல்ல வேண்டியிருக்கும் என்று தண்ணீரே குறைவாகத் தரப்படுகிறது.

குழந்தையின் உயரத்துக்கு ஏற்ற இருக்கையும் குழாயும் உள்ளனவா, சோப்பு இருக்கிறதா, கேட்டவுடன் அழைத்துச் செல்ல ஆள் உண்டா என்று நேரில் சென்று பாருங்கள். ஆடை நனைந்துவிட்டால் கேலியின்றி மாற்றிவிடும் பள்ளியே நல்ல பள்ளி. 'டயப்பர் முற்றிலும் நீங்கியிருந்தால்தான் சேர்க்கை' என்ற விதி இருந்தால், அதற்காகக் குழந்தையை அவசரப்படுத்தவோ அடிக்கவோ வேண்டா. பகலில் சிறுநீரை அடக்கும் திறன் பல குழந்தைகளுக்கு 3 வயதை ஒட்டியே நிலைபெறுகிறது. சளி, இருமல் இன்றிக் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் கழிக்கும்போது குழந்தை அழுதாலோ சிறுநீர்ப் பரிசோதனை செய்வது அவசியம்.

உணவும் மூச்சுத்திணறலும்

முழு நிலக்கடலை, பொட்டுக்கடலை, பாப்கார்ன், முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு ஆகியவற்றை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. இவ்வயதுக் குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து நாங்கள் அகற்றும் பொருள்களில் நிலக்கடலையே முதலிடம் பெறுகிறது, புளியங்கொட்டையும் உண்டு. உண்ணும்போதோ விளையாடும்போதோ திடீரென்று இருமல் வந்து பின்னர் நின்றுவிட்டாலும், பள்ளி அதை உங்களிடம் தெரிவிக்க வேண்டும். நீங்களும் குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துவர வேண்டும். நிலக்கடலை எக்ஸ்-ரே படத்தில் தெரியாது என்பதால், நடந்ததைச் சொல்வதே எங்களுக்குக் கிடைக்கும் முதன்மையான தடயம். தொண்டையில் அடைத்துக்கொண்டால் செய்ய வேண்டிய முதலுதவியில் பயிற்சி பெற்றவர் ஒருவரேனும் பள்ளியில் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஒவ்வாமை, வலிப்பு, இழுப்பு போன்ற பாதிப்பு இருந்தால் அதைச் சேர்க்கைப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

முதல் ஆண்டில் வரும் சளியும் காய்ச்சலும்

புதிதாகப் பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்கு முதல் ஆண்டில் 8 முதல் 10 முறை சளி பிடிப்பது இயல்பு. அது நோய் எதிர்ப்பாற்றல் குறைவின் அடையாளமன்று. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் மருந்தும் தேவைப்படாது. எடை சீராகக் கூடி, இடைப்பட்ட நாள்களில் குழந்தை சுறுசுறுப்பாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

காய்ச்சல் உள்ள குழந்தைக்குப் பாராசிட்டமால் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புவதைத் தவிருங்கள். மருந்தின்றி 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்த பின்னரே அனுப்பலாம். அம்மை கண்ட குழந்தையை எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரையும், கை, கால், வாய்க் கொப்புள நோய் கண்ட குழந்தையைக் காய்ச்சல் நீங்கிக் கொப்புளங்கள் காயும்வரையும் வீட்டில் வைத்திருங்கள். "உடல்நலமில்லையெனில் அனுப்பாதீர்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லும் பள்ளியின் மீது சினம் கொள்ள வேண்டா. அது உங்கள் குழந்தையையும் காக்கிறது. ஒன்றரை வயதில் போடவேண்டிய ஊக்கத் தடுப்பூசிகள் முடிந்துவிட்டனவா என்பதைச் சேர்க்கைக்கு முன் அட்டையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டடமும் வாகனமும்

2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடக் கூரையில் பற்றிய தீ, 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. 2012ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பகுதியில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்தாள். 2025ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்தில் கழிவுநீர்த் தொட்டியிலும், மதுரையில் தண்ணீர்த் தொட்டியிலும் விழுந்து மழலையர் வகுப்புக் குழந்தைகள் இறந்தனர்.

இவை எவற்றையும் தடுக்கச் சிறப்பு அறிவு தேவையில்லை. யாரேனும் ஒருவர் முன்கூட்டியே பார்த்துக் கேட்டிருந்தால் போதும். ஆகவே பள்ளியைச் சுற்றி நடந்து பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் உறுதியான, பூட்டிய மூடிகள் உள்ளனவா? மழலையர் வகுப்பு தரைத்தளத்தில் இயங்குகிறதா? வெளியேற இரண்டாவது வழி உண்டா, அது பூட்டப்படாமல் இருக்கிறதா? சமையல் எரிவாயு உருளை எங்கே வைக்கப்பட்டுள்ளது? பள்ளி நடத்துவதற்கான அனுமதியும் தீயணைப்புத் துறையின் சான்றும் நடப்பில் உள்ளனவா? வாகனத்தில் ஓட்டுநரைத் தவிர உதவியாளர் ஒருவர் இருக்கிறாரா? குழந்தைகள் இறங்கிய பின், உள்ளே உறங்கிவிட்ட குழந்தை எதுவும் இல்லை என்பதை ஒருவர் ஏறிச் சரிபார்க்கிறாரா? மாலையில் உரியவரிடம் மட்டுமே குழந்தை ஒப்படைக்கப்படுகிறதா?

"பள்ளியில் போட்டால் பேசிவிடும்"

இத்தலைப்பில் உள்ள வாக்கியத்தை மூத்தோர் பலர் நல்லெண்ணத்தோடு சொல்கின்றனர். ஆனால் இதனால் இழக்கப்படும் காலம் மீண்டும் வாராது. ஒன்றரை வயதாகியும் பொருளுள்ள சொல் ஒன்றும் பேசாத குழந்தை, 2 வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டாத குழந்தை, முன்பு பேசிய சொற்களை இழந்த குழந்தை ஆகியோரைப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே மருத்துவரிடம் காட்ட வேண்டும். செவித்திறன் பரிசோதனையும் வளர்ச்சி மதிப்பீடும் செய்து, காரணத்தை அறிந்த பின்னரே அடுத்த முடிவை எடுக்க வேண்டும். செவித்திறன் குறைபாட்டுக்கும் ஆட்டிசத்துக்கும் எவ்வளவு விரைவில் பயிற்சி தொடங்குகிறோமோ, அவ்வளவு நன்மை உண்டு. அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்களில் இதற்கான மதிப்பீடும் பயிற்சியும் இலவசமாகக் கிடைக்கின்றன. பயிற்சியோடு சேர்ந்து பள்ளியும் உதவும்; பயிற்சிக்குப் பதிலாகப் பள்ளி உதவாது.

முதல் சில வாரங்கள்

பிரிவின்போது அழுவது பிணைப்பின் அடையாளமே. முதல் வாரத்தில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று படிப்படியாக நேரத்தைக் கூட்ட இசையும் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். குழந்தை அறியாதவாறு நழுவிச் செல்லாமல், "மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவேன்" என்று சொல்லி விடைபெற்று, சொன்னபடியே வாருங்கள். பெரும்பாலான குழந்தைகள் இரண்டு முதல் நான்கு வாரங்களில் பழகிவிடுவார்கள்.

வாசலில் அழுது, உள்ளே சென்றதும் விளையாடும் குழந்தையைப் பற்றிக் கவலை வேண்டா. ஆனால் ஒரு மாதத்துக்குப் பின்னும் நாள் முழுதும் அழுதல், உறக்கத்தில் அலறுதல், விட்டிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் மீளுதல், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டதும் நடுங்குதல், விளக்கமில்லாத காயங்கள் ஆகியவற்றை அலட்சியம் செய்யாதீர்கள். குழந்தையைக் குறுக்கு விசாரணை செய்யாமல், அது தானாகச் சொல்வதைப் பொறுமையோடு கேளுங்கள்; சொல்வதை நம்புங்கள். தம் பொறுப்பிலுள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். 1098 என்ற இலவச எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

கட்டணம் குறித்து

அதிகக் கட்டணம் அதிக அன்பைக் குறிப்பதில்லை. கடன் வாங்கியோ, வீட்டின் சத்துணவைக் குறைத்தோ மழலையர் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்த வேண்டிய தேவை எக்குடும்பத்துக்கும் இல்லை. தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. அவற்றில் உணவும், எடை கண்காணிப்பும், முன்பருவக் கல்வியும் இலவசம். தனியார் பள்ளியைப் பார்க்கும் அதே கண்ணோடு உங்கள் பகுதி அங்கன்வாடியையும் ஒருமுறை சென்று பாருங்கள். அங்குள்ள ஆசிரியர் குழந்தைகளோடு சிரித்துப் பேசுபவராக, கழிப்பறை தூய்மையானதாக, இடம் பாதுகாப்பானதாக இருந்தால், அது உங்கள் குழந்தைக்கு உகந்த பள்ளியே.

முடிவெடுக்கும் முன் குறைந்தது இரண்டு இடங்களையேனும் நேரில் பாருங்கள். வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்கு மேல் பயணம் தேவைப்படும் இடத்தை இயன்றவரை தவிருங்கள். வளர்ச்சி, பேச்சு, ஒவ்வாமை, தடுப்பூசி ஆகியவை குறித்து ஐயம் இருந்தால், சேர்க்கைக்கு ஒரு மாதம் முன்னதாகவே தடுப்பூசி அட்டையுடன் குழந்தைநலப் புறநோயாளிகள் பிரிவுக்கு வாருங்கள், நிதானமாகப் பேசலாம்.